நாற்பத்து மூணாம் நம்பர் கல்

எர்ணாகுளம் மாதிரி பெரிய பட்டணத்தில் குடிசை இருந்தால் மூன்று சென்ட். பாலக்காடு பக்கத்துச் சித்தூர் மாதிரி நகரசபை என்றால் ஐந்து. பஞ்சாயத்து என்றால் பத்து. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கூலிவேலை செய்கிறவர்களுக்குக் குடிசையைச் சுற்றி இவ்வளவு மண் சொந்தம் என்று எழுபதாம் வருஷம் பிறந்த அன்றைக்குக் கேரளத்தில் சட்டம் அமலுக்கு வந்தது. குடிகிடப்புக்காரர் என்று அவர்களுக்கு மலையாளத்தில் பேர். எல்லாக் குடிசையும் ஒரே மாதிரிதான் ஒழுகும். ஆனால் எந்தக் கோட்டுக்குள் ஒழுகுகிறது என்பதைப் பொறுத்து மண் கூடும், குறையும். எங்கள் ஊரில் இன்னொரு கோடும் இருந்தது. அதற்குக் கிழக்கே ஒழுகினால் ஒரு சென்ட்டும் கிடையாது. அது தமிழ்நாடு.

அந்தக் கோட்டை நான் ஒருதரம் தோளில் தூக்கியிருக்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள். என் பெண்டாட்டி சிரித்தாள். மருதாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

என் பேர் ஆறுச்சாமி. எல்லையோரக் கோவிந்தாபுரத்துக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம், ஒத்தப்பனைக்காடு வில்லேஜ் ஆபீஸில் அப்போது அசிஸ்டென்ட். மேஜை ஒன்று, ஸ்டூல் ஒன்று, பூட்டாத பீரோ ஒன்று, நான் ஒன்று. ஆபீசர் அச்சுதன் நாயர் தங்கமான மனுஷர். நான் மலையாளத்தில் ரிப்போர்ட் வாசித்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும், "ஆறுச்சாமீ, இனி தமிழ்ல சொல்லு. எனக்கு மனசிலாகட்டே" என்பார்.

எழுபதாம் வருஷம் ஆனி மாதம் ஒருநாள் மருதாத்தாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. என் மாமனார் குப்பண்ணன் தோட்டத்தில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவள். புருஷன் பொங்கியண்ணன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். தோட்டத்தின் நடுவே, கிணற்று மேட்டை ஒட்டி அவள் குடிசை. பத்து சென்ட் கேட்டு அவள் மனு போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"சின்னப் பண்ணாடி, பேப்பரு ஒண்ணு வந்துருக்குதுங்க. என்னன்னு பாருங்க" என்று கதவு நிலைக்கு வெளியே நின்று நீட்டினாள். பண்ணாடி என்றால் பண்ணை முதலாளி; மருமகன் ஆனதால் நான் சின்னப் பண்ணாடி.

பார்த்தேன். என் மாமனாரின் ஆட்சேபம். மேற்படி குடிசை நாற்பத்து மூணாம் நம்பர் எல்லைக்கல்லுக்குக் கிழக்கே இருப்பதால் அது தமிழ்நாட்டில் சேர்ந்தது. ஆகவே மேற்படியாளுக்கு இந்தச் சட்டப்படி எந்தப் பாத்தியதையும் இல்லை. கடலைக்காய் பிடுங்கினதும் குடிசையைக் காலி செய்ய வேண்டியது.

"என்ன போட்டுருக்குதுங்க?"

"நீ தமிழ்நாட்டுல இருக்கறயாமா."

அவள் பேப்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "எப்பப் போனனுங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு அந்த ஆபீஸில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பதினாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு தை மாதம், காலை பத்து மணி வாக்கில். ஆனால் நான் என்ன செய்தேன்? "விசாரிக்கறேன், போ" என்றேன். சர்க்கார் உத்தியோகத்தில் எனக்கு நன்றாக வந்த ஒரே வாக்கியம் அது.

ஆபீசருக்குத் தாலூக்காவிலிருந்து கடிதம் வந்தது. ஸ்தலத்தைப் பார்த்து, கல் எங்கே, குடிசை எங்கே என்று வரைபடத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அச்சுதன் நாயர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "நின்றெ அம்மாயப்பன் தோட்டமல்லே? வழி தெரியும். நீயே போ."

மாமனார் வழக்கில் மருமகன் அறிக்கை எழுதக்கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். அவரும் யோசித்திருக்கலாம். வெயில் கடுமையாக இருந்தது.

கல்லின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனார் தோட்டம் மேற்கே ஐந்து ஏக்கர், கிழக்கே மூன்று ஏக்கர். நடுவில் கோடு. கோடு என்றால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் கிடையாது. மைலுக்கு இத்தனை என்று நட்ட கருங்கற்கள்தான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லைப் பார்த்து மனசுக்குள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கல்லுக்கு நம்பர் நாற்பத்து மூணு. அது ஒத்தைப் பனையின் அடியில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

ஐம்பத்தஞ்சு ஐப்பசியில் பேய்மழை. கல் சாய்ந்து சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டது. அதற்கடுத்த தை மாதம் பட்டிநோம்பி வந்தது. மாட்டுப் பொங்கலை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். மாடு கட்டுகிற பட்டிக்குள் சாணத்தால் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, பக்கத்தில் கல் நட்டு, அதற்குச் சுண்ணாம்பும் செம்மண்ணும் பூசி, அதையே சாமியாக்கிப் பொங்கல் வைப்போம். எந்தக் கல் என்று கணக்கில்லை. கிடைத்த கல்தான் சாமி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமன் வீட்டுக்கு நோம்பிக்கு வந்திருந்தேன். நோம்பி ஒரு சாக்கு. மாமன் மகள் செல்லாத்தாளைப் பார்க்க வந்திருந்தேன். "நல்ல கல்லாப் பாத்துக் கொண்டாங்கடா" என்று மாமா சத்தம் போட்டார். மற்றவர்கள் தேங்காய் அளவுக் கற்களைத் தேடிப் போனார்கள். நான் பனையடியில் படுத்திருந்த மூன்றரை அடிக் கருங்கல்லைத் தேர்ந்தெடுத்தேன். நம்பர் வெட்டின முகம் மண்ணுக்குள் இருந்தது. நான் பார்த்தது அதன் முதுகை. இரண்டு ஆள் தூக்குகிற கல். அதைத் தனியாளாகத் தோளில் ஏற்றி, நூறு அடி நடந்து வந்து, பட்டிக்குள் தொப்பென்று இறக்கினேன். செல்லாத்தாள் அரிசிப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குப் பிடித்த இடுப்பு வலி இன்றைக்கும் மழைக்கு முந்தி சேதி சொல்லும்.

இப்படித்தான் நான் இந்தக் கதையைப் பதினாலு வருஷமாகச் சொல்லிவந்தேன்.

கழுவினபோதுதான் நம்பர் தெரிந்தது. மாமா பார்த்துவிட்டு, "நெம்பர் போட்ட சாமிடா! ரேசன் கார்டு கேட்டாலும் கேக்கும்" என்று சிரித்தார். "நோம்பி முடியட்டும். கொண்டுபோய் அங்கேயே நட்டுரலாம்." மருதாத்தாள் சுண்ணாம்பு அடித்தாள். நோம்பி முடிந்தது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்குக் கடலை விதைப்பு. அப்போது அது மலபார் ஜில்லாவுக்கும் கோயமுத்தூர் ஜில்லாவுக்கும் நடுவில் இருந்த கல், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் மெட்ராஸ்தான். எங்கே இருந்தால் யாருக்கு என்ன?

அதே வருஷம் நவம்பர் முதல் தேதி இரண்டு ராஜ்யம் பிறந்தது. தை மாதம் நான் தூக்கினது ஜில்லாக் கல். ஐப்பசி மாதம் அதுவே ராஜ்யக் கல் ஆகிவிட்டது, பட்டிக்குள், மாடுகளுக்கு நடுவில்.

ஐம்பத்தொன்பதில் சர்வேக்காரர்கள் கல் சோதிக்க வந்தார்கள். வெள்ளையடித்து, பொட்டு வைத்து, நிமிர்ந்து நிற்கிற கல்லைப் பார்த்து அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழிநெடுக உடைந்த கல்லையும் சாய்ந்த கல்லையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். மாமா இளநீர் வெட்டிக் கொடுத்தார். 'கல் 43: நல்ல நிலை. உள்ளூர் மக்களால் நன்கு பராமரிக்கப்படுகிறது' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து படத்தில் கோடு பட்டி வழியாகத்தான் போகிறது. பட்டிக்கும் பனைக்கும் நடுவில், பட்டியிலிருந்து அறுபதடி கிழக்கே, மருதாத்தாளின் குடிசை. அவள் நகரவே இல்லை. ராஜ்யம்தான் அவளைத் தாண்டிப் போய்விட்டது.

நான் படம் வரையப் போன அன்று மாமா கிணற்று மேட்டில் நின்றிருந்தார்.

"வாங்க மாப்ள. சர்க்காராட்ட வந்தீங்களா, ஒறம்பரைச் சொந்தமாட்ட வந்தீங்களா?"

"சர்க்காராட்டத்தானுங்க மாமா."

"அப்பொச் சரி. சர்க்காருக்கு மோர் கிடையாது." சொல்லிவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலை மாப்ள. கல்லு எங்க நிக்குதோ அங்கதான் எழுதோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கல்லு எப்படி வந்துச்சுன்னு உங்களுக்கே தெரியுமுங்களே மாமா."

"அதைக் கடுதாசில கேட்டுருக்கறாங்களா?"

கேட்கவில்லை. கடிதத்தை நான் மூன்று முறை படித்திருந்தேன்.

"இந்தக் கெணத்து மேடு பத்து சென்ட்டுக்குள்ள போயிருமுங்க மாப்ள" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "எங்கப்பன் கையால வெட்டுன கெணறு. நாளைக்கு உங்க புள்ளைகளுக்குத்தான். அவளை நான் பட்டினி போட்டனா? அடிச்சனா? பொங்கியான் செத்தப்ப நாந்தானே எல்லாம் பாத்தேன்? இப்ப ஆராரோ சொல்லிக் குடுத்து மனுப் போடறா."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நான் அளந்தேன். வரைந்தேன். கல் இன்ன இடத்தில் நிற்கிறது, குடிசை அதற்குக் கிழக்கே அறுபதடி. ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். கையெழுத்துப் போட்டபோது பேனா நன்றாகத்தான் எழுதியது.

மருதாத்தாள் குடிசை வாசலில் உட்கார்ந்து நான் அளவுச் சங்கிலி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகும்போது எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

சாயந்திரம் வீட்டில் செல்லாத்தாள் அம்மிக்கு முன்னால் இருந்தாள்.

"ஏனுங்க, எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"கல்லு எங்க நிக்குதுன்னா?"

"ஆமா."

"எங்க இருந்துச்சுன்னு எழுதலீங்களா?"

"கேக்கலையே."

அவள் அம்மியைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின அம்மியைத் திரும்பவும் கழுவினாள். அவள் அப்பாவின் கிணறு, அவள் பங்கு நிலம். என் மேல் கோபமா, அவள் அப்பா மேல் கோபமா, இல்லை மருதாத்தாள் மேலா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஆவணியில் தாலூக்காவில் விசாரணை. நிலத் தீர்ப்புக்கு என்று தனியாக ஒரு தாசில்தார். கண்ணாடி போட்ட, குரல் உயர்த்தாத மனுஷர். தமிழ் சரளமாகப் பேசுவார். மாமா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மருதாத்தாள் கையில் ஒரு மஞ்சள் பை. என்னையும் ஆபீசரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

தாசில்தார் என் படத்தை விரித்துவைத்துக்கொண்டு மருதாத்தாளைப் பார்த்தார். "அம்மா, உங்க குடிசை கேரளத்துலதான் இருக்குன்னு சொல்ல என்ன இருக்கு உங்ககிட்ட?"

அவள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்தாள். "இந்த ஊரு கார்டுங்க. ஓட்டும் இங்கதானுங்க போடறேன். அம்மை குத்தறவங்களும் இந்தப் பக்கத்துல இருந்துதானுங்க வருவாங்க."

"கார்டு யார் எங்க வேணும்னாலும் வாங்கிடலாம்மா. எல்லைன்னா கல்லுதான். கல் உங்க குடிசைக்கு மேற்கே இருக்கு. அது எப்பவும் அங்கதான் இருக்கா?"

மருதாத்தாள் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். எல்லைக்கல்லை நகர்த்தினால் ஜெயில். சர்க்கார் ஆள் நகர்த்தினால் என்ன என்று நினைக்கவே பயம்.

"எனக்குத் தெரியாதுங்க சாமி" என்றாள்.

தன் கையால் அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தவள். அதற்கப்புறம் வந்த பதினாலு நோம்பிக்கும் அடித்தவள். தெரியாதாம்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். அந்த மூடி கழன்ற சின்னச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன். வீரம் என்று நினைக்காதீர்கள். முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது, அதற்கப்புறம் உட்கார வெட்கமாக இருந்தது.

"சார், அந்தக் கல்லை நான்தான் தூக்கிட்டு வந்தேன்" என்றேன். மலையாளத்தில் சொன்னேன். அச்சுதன் நாயர் கண்ணை மூடிக்கொண்டார். "தமிழ்ல சொல்லுங்க" என்றார் தாசில்தார்.

சொன்னேன். மழை, பனை, நோம்பி, எல்லாம். தனியாளாகத் தோளில் ஏற்றி நூறு அடி நடந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்பீரமாகக்கூட வந்தது. வேலை போகிற நேரத்திலும் மனுஷனுக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மாமா எழுந்தார். "சாமி, மாப்பிள்ளைக்கு எம்பட மேல வருத்தமுங்க. அதனால பேசறாரு. இந்த ஒடம்பைப் பாருங்க. இந்த ஒடம்பு அந்தக் கல்லைத் தனியாத் தூக்குமுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூற்றுப் பத்து பவுண்டு உடம்பு. அதில் பாதி முழங்கை.

தாசில்தார் பேனாவை மூடினார். "வியாழக்கிழமை நான் ஸ்தலத்துக்கு வர்றேன். இவர் தூக்கட்டும். பாக்கலாம்."

வியாழக்கிழமை ஊரே பட்டியைச் சுற்றி நின்றது. கல்லைச் சுற்றித் தோண்டி மண்ணைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். செல்லாத்தாள் அவள் அம்மா பக்கத்தில் நின்றாள். மருதாத்தாள் தூரத்தில், குடிசை வாசலில்.

"தூக்குங்க" என்றார் தாசில்தார்.

வேட்டியை மடித்துக் கட்டினேன். குனிந்தேன். கல்லைக் கட்டிப்பிடித்தேன். அந்தக் கல் என்னை அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை இழுத்தபோது ஒரு பக்கம் ஒரு விரல் உயர்ந்தது. மூன்றாம் தடவை இடுப்பில் ஏதோ சொடுக்கியது. நான் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா சாமி?" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு முகம் வேர்த்திருந்தது.

தாசில்தார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "மிஸ்டர் ஆறுச்சாமி, பதினாலு வருஷத்துக்கு முந்தி இளவயசுன்னு வெச்சுக்கலாம். ஆனா நான் எதை எழுதறது? கல் நகந்ததுக்கு உங்க வார்த்தை மட்டும்தான் இருக்கு. அந்த வார்த்தை இப்ப எல்லார் கண்ணு முன்னாலேயும் விழுந்துருச்சு. வேற சாட்சி இருக்கா?"

இருந்தது. அன்று நம்பரைப் பார்த்தவர்கள் யாரும் மாமாவுக்கு எதிரே வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் இதுவரைக்கும் உங்களிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

நான் செல்லாத்தாளைப் பார்த்தேன். பத்தொன்பது வயதில் எதற்காகத் தூக்கினேனோ அந்த முகம். கல்யாணத்துக்கு முந்தியும் பிந்தியும், சண்டைக்கு நடுவிலும்கூட, "உனக்காகக் கல்லுத் தூக்கினவன்டி நான்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"சார், நான் நூறு அடி தூக்கலை" என்றேன் தரையில் உட்கார்ந்தபடியே. "நாற்பது அடிதான். பனையில இருந்து மருதாத்தா குடிசை வாசல் வரைக்கும். அங்க போட்டுட்டு மயக்கமாய்ட்டேன். மிச்ச அறுபதடி கொண்டுவந்தது மருதாத்தாளும் அவ புருஷனும். பட்டி வேலிக்குப் பின்னால இறக்கிட்டு, 'எந்திரிங்க பண்ணாடி, பக்கத்துல போயி நில்லுங்க'ன்னு என்னை எழுப்பி நிறுத்தினாங்க. எல்லாரும் வந்து பாத்தப்ப நான் கல்லு மேல கையை வெச்சுட்டு நின்னேன். அவங்க வெளிய சொல்லலை. எனக்கு மானம் போயிரும்னு சொல்லலை."

பட்டிக்குள் ஒரு எருமை மூச்சுச் சீறியது.

செல்லாத்தாள்தான் முதலில் பேசினாள். "அப்பொ அரிசிப் பானையோட நின்னு நான் பாத்தேன்னு சொல்லுவீங்களே?"

"பாத்தீல்ல?"

"நான் எங்க பாத்தேன்? அரிசி களைஞ்சுட்டு இருந்தேன். திரும்பறப்பக் கல்லு நின்னுது, பக்கத்துல நீங்க நின்னீங்க. மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. என்னமோ காய்ச்சல்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

தாசில்தார் குடிசைப் பக்கம் திரும்பினார். "அம்மா, இங்க வாங்க. இவர் சொல்றது நிஜமா?"

மருதாத்தாள் வந்து பட்டி வேலிக்கு வெளியே நின்றாள். என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "அவரே சொல்லிட்டாருங்க" என்றாள். "நெசந்தானுங்க."

"அன்னிக்கு ஏன் தெரியாதுன்னீங்க?"

"அவரு வேலை போயிருமுங்களே. அவருக்கு வேற என்னங்க தெரியும்?"

அதற்கும் சிரித்தார்கள். நான் வேட்டியில் ஒட்டின சாணியைத் துடைத்தேன்.

"ரெண்டு பேரும் எப்படித் தூக்கினீங்க? உங்க புருஷன் பயில்வானா?"

"தூக்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்றாள் அவள். "தூக்குனா இடுப்புப் போயிரும். கல்லை நடத்தோணுமுங்க."

"நடத்தணுமா?"

"ஒருத்தரே நடத்தலாமுங்க. அவரு பின்னாலே சாயாமப் புடிச்சுக்குவாரு, அவ்வளவுதானுங்க. காட்டட்டுங்களா?"

காட்டச் சொன்னார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பட்டிக்குள் முதல்தடவையாகப் பேச வந்தவள் போல நடந்து வந்தாள். கல்லின் தலையை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு பக்கம் சாய்த்தாள். கீழே ஒரு முனை மட்டும் மண்ணில் ஊன்றி நின்றது. அதன் மேல் கல்லைத் திருப்பினாள். மற்ற முனை முன்னால் வந்து ஊன்றியது. அந்தப் பக்கம் சாய்த்தாள், திருப்பினாள். மாவு ஆட்டுகிற மாதிரி அப்படி ஒரு நிதானம். குழந்தைக்கு நடை பழக்குகிறது போல அந்தக் கல் இந்தக் கால், அந்தக் கால் என்று குழியை விட்டு ஏறி, தெப்பக்குள மேட்டைத் தாண்டி, கிழக்கே நடக்க ஆரம்பித்தது.

கூட்டம் வழி விட்டது. ஓரடி. மூன்றடி. மூச்சுகூட வாங்கவில்லை அவளுக்கு. ஐம்பது வயது மனுஷி. ஆறடி. பட்டி வாசலைத் தாண்டினாள். அவள் எங்கே பார்த்துக்கொண்டு நடத்தினாள் என்று நான் கவனித்தேன். கல்லைப் பார்க்கவில்லை. தூரத்தில் பனையைப் பார்த்தாள்.

அப்போதுதான் தாசில்தாருக்கு விஷயம் உறைத்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா! அது ஸ்டேட் எல்லை!" என்று கத்தினார். குரல் உயர்த்தாத மனுஷர். கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. "கையை எடுங்க! அங்கேயே விடுங்க!"

அவள் விட்டாள். கல் நின்றது. பட்டிக் குழியிலிருந்து ஒன்பதடி கிழக்கே.

"திரும்பக் கொண்டுபோய் வெச்சரட்டுங்களா?" என்று கேட்டாள்.

தாசில்தார் யோசித்தார். திரும்ப வைக்கச் சொன்னால் ராஜ்ய எல்லையை நகர்த்த அவரே உத்தரவு போட்டதாகும். அங்கேயே விடச் சொன்னால் நகர்த்தினதை ஒப்புக்கொண்டதாகும். கடைசியில் அவர் ஜீப் நிழலில் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒருமணி நேரம் எழுதினார்.

எழுதினது இது. கல் நகர்த்தப்பட்டது என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சியம் உண்டு. சரியான எல்லையை இரண்டு ராஜ்ய சர்வேயும் சேர்ந்து வந்து அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை மனுதாரருக்குப் பத்து சென்ட் கொடுக்க இயலாது. அதுவரை மனுதாரரை யாரும் குடிசையிலிருந்து இறக்கவும் கூடாது. கல்லை யாரும் தொடக்கூடாது.

மாமா அதைக் கேட்டுவிட்டுக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மருதாத்தாள் என்னிடம், "கெடைச்சுதுங்களா, கெடைக்கலீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இல்லை" என்றேன்.

"அப்பொ இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம்."

தலையாட்டினாள். மிச்சம் இருந்த கடலைக்காய் பிடுங்கப் போனாள்.

இதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முந்தி. என்னைப் பதினோரு மாதம் சஸ்பென்ட் செய்தார்கள். பிறகு அட்டப்பாடியில் அகளிக்கு மாற்றினார்கள். அங்கே எல்லைக்கல் எல்லாம் மலைமேல் இருக்கிறது. நான் ஏறமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். மாமா என்னோடு நேராகப் பேசுவதில்லை. நோம்பிக்குப் போனால் மாட்டைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு மோர் வேணுமாண்டா?" என்று கேட்பார். மாடு பதில் சொல்லாது. மோர் வரும்.

கூட்டு சர்வே வரவில்லை. கோப்பு திருவனந்தபுரத்தில் இருக்கிறபோது மெட்ராஸ் அழைக்கும், மெட்ராஸில் இருக்கிறபோது திருவனந்தபுரம் அழைக்கும். நடுவில் அந்தப் பக்கத்திலும் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் வந்தது. மருதாத்தாள் அங்கேயும் போய்க் கேட்டாள். எல்லை முடிவாகட்டும் என்றார்கள். அவள் குடிசைக்கு ஓடு போட முடியவில்லை. எந்தப் பஞ்சாயத்தில் அனுமதி கேட்பது? மின்சாரக் கம்பி கிணறு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கூரை ஒழுகுகிறது. எந்தக் கோட்டுக்குள் ஒழுகுகிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்தத் தையில் நானும் செல்லாத்தாளும் நோம்பிக்குப் போயிருந்தோம். கல் பட்டிக்கு வெளியே தனியாக நின்றது. பக்கத்தில் குச்சி நட்டு, 'தொடக்கூடாது' என்று இரண்டு பாஷையிலும் எழுதின தகரப் பலகை. கல்லுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மருதாத்தாள் கையில் இன்னும் வெள்ளை காயவில்லை.

"இந்த வருசமாச்சும் சங்கிலி புடிக்க வருவாங்களா பண்ணாடி?"

"வருவாங்க" என்றேன்.

"நீங்க சொன்னா நூத்துக்கு நாப்பதுதானுங்க நம்போணும்" என்றாள். செல்லாத்தாள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

திரும்பி வரும்போது, பழக்கம் விடவில்லை, பட்டிக் குழியிலிருந்து கல்வரைக்கும் கால் வைத்து எண்ணினேன். ஒன்பதடிதான் இருக்க வேண்டும். இருபத்து மூன்று இருந்தது. தகரப் பலகையும் அதன் பக்கத்திலேயே, அதே தூரத்தில், பணிவாக நின்றது.

மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

குனிந்து மண்ணைப் பார்த்தேன். சுத்தமாகப் பெருக்கியிருந்தது. நிமிர்ந்தபோது மருதாத்தாள் குடிசை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சங்கிலி பிடித்தபோது பார்த்த மாதிரியே. என் கண்ணுக்குக் கல் நன்றாகத்தான் நின்றது. எப்படி வந்தது என்று எந்தக் கடிதத்திலும் என்னைக் கேட்கவில்லை.

ஆறு வருஷத்தில் பதினாலு அடி. இந்த வேகத்தில் கல் அவள் வாசலைத் தாண்டி, குடிசை திரும்பக் கேரளத்துக்குள் வர இன்னும் பதினாறு வருஷம் ஆகும். அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு. அதற்குள் கூட்டு சர்வே வந்துவிடுமா என்று எனக்கு நிச்சயமில்லை. கல் வந்துவிடும். அதைப் பார்க்க அவள் இருக்க வேண்டும்.